எல்லப்பன் பட்டை

ஜூலை 1, செவ்வாய்

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னிடம் படித்திருந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டிருப்பேன், அவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். இந்த மாதத்தைத் தாண்டினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும், அப்புறம் அறுத்தாலும் பிரயோஜனம் இருக்காது என்றாள். இடது கண் எப்போதோ கணக்கில் இல்லாமல் போய்விட்டது. மண்டல விளையாட்டுப் போட்டியில் ஒரு ஹாக்கிப் பந்து வந்து அதை முடித்துவைத்தது. ஆக, இருக்கிற ஒற்றைக் கண்ணில்தான் கத்தி வைக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி என்று குறித்துக் கொடுத்திருக்கிறாள்.

கூடவே ஒரு நிபந்தனை. கட்டுப் போட்ட பிறகு மறுநாள் வரை எனக்கு எதுவும் தெரியாது. அங்கேயே தங்க வேண்டும். கூட ஒரு ஆள் இல்லாமல் ஆபரேஷன் கிடையாது.

"கூட யார் மேடம் வருவாங்க?"

"சொந்தக்காரங்க வருவாங்க" என்றேன். மைதானக் குரலில் சொன்னதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் செய்துகொண்டிருக்கும் குடும்ப ஆராய்ச்சிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை நான் போன மாதமே தொடங்கிவிட்டேன். பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் போன மாதம்தான். அது வேறு விஷயம்.

ஜூலை 2, புதன்

ஆராய்ச்சி என்று சொன்னால் அதற்கு ஒரு முறை வேண்டும். இதுவரை தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

என் வீட்டுப் பின் ஜன்னலைத் திறந்தால் பக்கிங்காம் கால்வாய். மேலே பறக்கும் ரயில், கீழே சாக்கடை. இந்த அடுக்ககத்தில் எல்லோரும் அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். நான் மட்டும் திறந்து வைக்கிறேன். இந்த நாற்றத்தின் மேல்தான் ஒரு காலத்தில் மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் படகு படகாக மதராசுக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கி, மார்பில் கயிறு பூட்டிக்கொண்டு, படகை மாடு மாதிரி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். என் தாத்தா தாண்டவராயன் அப்படி இழுத்தவர்.

இது அப்பா சொல்லித் தெரிந்ததில்லை. அப்பா கோதண்டம், தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை பார்த்தவர். தாத்தா உப்புக் கிடங்கில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் அம்மாவைக் கட்டினார். கடைசி வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சாகக் கிடந்தபோது வந்த காய்ச்சலில்தான் உண்மை வெளியே வந்தது. திடீரென்று என் தலையைப் பிடித்து அமுக்கி, "குனிஞ்சுக்கோ, பாலம் வருது" என்பார். "எல்லப்பன் சித்தப்பா, கயித்தைத் தளத்து" என்று கத்துவார். சதுரங்கப்பட்டினம், கோவளம் என்று ஊர் ஊராகப் போய்வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாலத்துக்கும் குனிந்துகொண்டிருந்தேன்.

அவர் பெட்டியில் ஒரு பட்டை இருந்தது. சாக்கையும் பாய்த் துணியையும் சேர்த்து, நான்கு விரல் தடிமனுக்குத் தைத்தது. கயிறு மார்பை அறுக்காமல் இருக்கப் போட்டுக்கொள்வது. துவைத்து, வெயிலில் காயப்போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒருநாள் போட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கியது. தாத்தா இவ்வளவு அகலமான ஆளா? எனக்கு எட்டு வயதில் செத்துப்போனவர். என் நினைவில் ஒட்டடைக்குச்சிதான்.

தாத்தாவின் தம்பிதான் எல்லப்பன் என்றால், அவர் வழியில் எனக்குப் பங்காளிகள் இருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் கடைசி மாமா போன வருடம் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவுதான் குடும்ப வரலாறு.

ஜூலை 4, வெள்ளி

எதிர்வீட்டு நிவேதா லிஃப்டில், "ஆன்ட்டி, எதுனா வேணும்னா சொல்லுங்க" என்றாள். எதுனா என்றால் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள் என்று அர்த்தம். அவளைக் குறை சொல்லவில்லை, நல்ல பெண். ஆனால் கேட்டு வாங்குகிற துணை எனக்கு வேண்டாம். வர வேண்டியவர்கள், வர உரிமை உள்ளவர்கள் வரட்டும்.

இரண்டு தண்ணீர் கேன் வந்தது. ஒன்றை நானே தூக்கிக் கவிழ்த்தேன். பாதி தரையில்.

ஜூலை 5, சனி

நூலகத்தில் கால்வாயைப் பற்றிப் பழைய புத்தகம் ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எத்தனை மூட்டை உப்பு, எத்தனை அடி ஆழம், எந்தத் துரை எந்தப் பாலத்தைத் திறந்தான் என்று எல்லாம் இருக்கிறது. இழுத்தவன் பெயர் ஒன்று கூட இல்லை. பக்கத்து மேசைப் பையன் என் மூக்கு புத்தகத்தில் இடிப்பதைப் பார்த்துச் சிரித்தான். ஒரு பார்வை பார்த்தேன். எங்கே பார்க்கிறேன் என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஜூலை 7, திங்கள்

வெண்டைக்காய் நறுக்கும்போது காரணமில்லாமல் ஒரு ஆள் நினைவுக்கு வந்தான். எனக்கு இருபத்தொரு வயது. டிரில் டீச்சர் பயிற்சியில் இருந்தேன். காலையில் கக்கத்தில் குடையோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான். அப்பாவோடு இரண்டே வார்த்தை பேசினான். நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை, படியும் ஏறவில்லை. திமிர் பிடித்தவன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அன்று முழுவதும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

விரலில் லேசாக வெட்டு. வெண்டைக்காயில் அல்ல, என் கண்ணில்தான் கோளாறு.

ஜூலை 9, புதன்

சதுரங்கப்பட்டினம் போய்வந்தேன். கல்பாக்கம் பஸ் எது என்று நான்கு பேரிடம் கேட்டேன். ஐந்தாவதாகக் கேட்டது ஒரு தூணிடம்.

கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். படகு இழுத்த எல்லப்பன் குடும்பம் யாராவது உண்டா என்றதும், கடைக்காரர் பாய்லரை விட்டுத் திரும்பி, "பட்டை எடுத்தாந்தீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டை வீட்டில் இருக்கிறது, தாண்டவராயன் பேத்தி நான் என்றேன். அவர் டீக்குக் காசு வாங்கவில்லை. எல்லப்பன் மகன் வழிப் பேத்தி ஆதிலட்சுமி, டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் இட்லி தோசைக் கடை போட்டிருக்கிறாளாம். கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாங்க, நான் சொல்லிவைக்கிறேன் என்றார்.

எனக்கு ஆள் இருக்கிறது. எழுதிவிட்டு ஒருமுறை சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

பட்டையில் பிரிந்திருந்த ஓரத்தைத் தைத்தேன். ஊசியில் நூல் கோப்பதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

பட்டையை மார்பில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் போனேன். யாரோ என்னவோ என்று நினைத்துவிடக் கூடாதே, அடையாளம் வேண்டாமா? கண்டக்டர் வேண்டுதலா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த வரவேற்பை எப்படி எழுதுவது? பஸ் நிறுத்தத்திலேயே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் குடை பிடித்தார். வீட்டு வாசலில் ஒரு பெண் என் காலில் தண்ணீர் ஊற்றினாள். அதுதான் ஆதிலட்சுமி. என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், நல்ல அகலமான தோள். பட்டையைக் கழற்றப் போனேன். "கழட்டாதீங்க, கழட்டாதீங்க" என்று எல்லோரும் பதறினார்கள். விளக்கேற்றினார்கள். தலைவாழை இலை போட்டு, வறுத்த மீன் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஆதிலட்சுமி நின்றுகொண்டே பரிமாறினாள். ஒரு பெரியவர் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பள்ளியில் எத்தனை பேருக்கு மாலை போட்டிருப்பேன். எனக்காக ஒரு ஊர் எழுந்து நின்றது இன்றைக்குத்தான். உறவு என்பது இதுதான் போலிருக்கிறது என்று, மீனில் முள் எடுக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு திரும்பி வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

பால் திரிந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எப்ப சொல்லப் போறீங்க? இன்னிக்கேவா, அமாவாசைக்கா?" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர் கடைசியாகப் போனார். ஆதிலட்சுமி எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அவள் வார்த்தையில் எழுத எனக்குத் தெம்பில்லை.

எல்லப்பன் தாத்தாவின் தம்பி இல்லை. சொந்தமே இல்லை, வேறு ஊர், வேறு குடும்பம். ஒரே கயிற்றை இழுத்த கூட்டாளி. ஒரு படகுக்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவன் ஓடிவிட்டால் மற்றவனுக்குப் பிழைப்பு போயிற்று. அதனால் ஐப்பசியில் வெள்ளம் வந்து படகைக் கட்டிவிடும்போது, கூட்டாளிகள் பட்டையை மாற்றிக்கொள்வார்கள். இவன் பட்டை அவன் வீட்டில், அவன் பட்டை இவன் வீட்டில். பட்டை அவனவன் மார்புக்கு அளவெடுத்துத் தைத்தது. இன்னொருவன் பட்டையைப் போட்டு இழுத்தால் தோல் கிழிந்துவிடும். ஆகவே மறுபடி சந்தித்தே ஆக வேண்டும். பட்டை கைமாறி இருக்கிற வரை இரண்டு வீடும் ஒரு வீடு. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமலே வர வேண்டும். அப்படி ஒரு ஐப்பசியில் மாற்றிக்கொண்ட பிறகுதான் அந்தப் பெரிய புயல் வந்து கால்வாய் தூர்ந்தது. படகு அப்புறம் ஓடவே இல்லை.

என் சுவரில் தொங்கியது தாத்தாவின் பட்டை அல்ல. எல்லப்பனுடையது.

இழுத்தவன் செத்தால், பட்டை வைத்திருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் அதைக் கொண்டுவந்து பிணத்தின் தோளில் வைத்து, காதில் "கரை வந்தாச்சு, கயித்த விடு" என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை சொன்னாலும் செல்லாது. கூட்டாளி வீடுதான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவனுக்கு ஓய்வு. சொல்லாவிட்டால் அவன் கரையில் இழுத்துக்கொண்டேதான் இருப்பான்.

என் தாத்தாவுக்கு எல்லப்பனே சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து சொன்னார். எனக்கு அது நினைவிருக்கிறது. நனைந்த வேட்டியோடு ஒரு பெரிய உருவம் தாத்தாவின் மேல் என்னவோ வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தது. அது யார் என்றதற்குத் திருநீறு பூச வந்தவர் என்று அப்பா சொன்னார். தாத்தாவின் பட்டை தாத்தாவோடு போயிற்று.

எல்லப்பன் செத்தபோது எங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பொழுது சாயும் வரை பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். குடையோடு வந்த அந்த மனிதன் ஏன் தண்ணீர் வாங்கவில்லை என்று இப்போது தெரிகிறது. சாவு சொல்ல வந்தவன் படி ஏற மாட்டான். அப்பா ஏன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் என்றும் தெரிகிறது. போயிருந்தால் சூப்பர்வைசர் மகன் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துபோயிருக்கும். போகாமல் இருந்து, அதை நினைத்தபடியே அவர் செத்திருக்கிறார். பாவம் அப்பா. பாவம் என்று எழுதும்போதே கோபமும் வருகிறது.

நாற்பது வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் எல்லப்பன் பட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு, மெடல் வாங்கியவள் மாதிரி நான் நுழைந்திருக்கிறேன். மீன் வறுவல் எனக்காகப் போட்டது அல்ல, அந்தப் பட்டைக்காகப் போட்டது.

"அப்ப எதுக்குத்தான் வந்தீங்க?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"ஆராய்ச்சி" என்றேன்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். கூட வருகிறவர் பெயரும் உறவும் வேண்டுமாம். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

கிளம்பும்போது ஆதிலட்சுமி சொன்ன ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். எப்போது செய்கிறேனோ அப்போது சொல்லி அனுப்பச் சொன்னாள். "அத்தோட முடிஞ்சிது. அப்புறம் நீங்க யாரோ, நாங்க யாரோ. அது வரிக்கும் எந்த நேரம் கூப்புட்டாலும் நான் வரணும். அதான் மொறை" என்றாள்.

அது வரைக்கும்.

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருப்பதில் சோறு குழைகிறது, ரசம் பொங்குகிறது. பட்டை என் சுவரில் இருக்கிற வரை எனக்கு உரிமையோடு கூப்பிட ஒரு ஆள் இருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அதற்கடுத்த திங்கள் ஆபரேஷன். ஆவணி அமாவாசைக்குச் செய்கிறேன் என்று சொன்னால் போதும். நாற்பது வருடம் காத்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் பெரிய விஷயமா? பொய் கூட இல்லை. கண் சரியானதும் நிதானமாகச் செய்யலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஜூலை 19, சனி

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நேற்று எழுதியதை அடித்துவிட வேண்டும். எந்த வரி என்று தெரியவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன.

ஜூலை 20, ஞாயிறு

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கால்வாய் தெரியவில்லை, ஒரு கருப்புக் கோடுதான். கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நான் என்ன கத்துவேன்? "விடாதே, விடாதே, கை போனாலும் விடாதே." வருடக்கணக்காக அதையே கத்தியிருக்கிறேன். ஒருமுறை கூட யாரிடமும் போதும், விடு என்று சொன்னதில்லை.

எல்லப்பன் இன்னும் அங்கே இழுத்துக்கொண்டு நடக்கிறார். இதையெல்லாம் நான் நம்புகிறேனா? தெரியாது. ஆதிலட்சுமி நம்புகிறாள். என் ஒரு கண்ணுக்காக அவர் இன்னும் ஒரு மாதம் இழுக்க வேண்டுமா? தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. அவர் இழுத்தது போதும்.

டீக்கடைக்காரருக்குப் போன் செய்து, ஆடி அமாவாசைக்கு வருகிறேன் என்று ஆதிலட்சுமியிடம் சொல்லச் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

எல்லப்பனைப் புதைத்த இடம் கால்வாய்க் கரையில் ஒரு மொட்டைப் பனைக்குக் கீழே. அடையாளம் எதுவும் இல்லை. தண்ணீர் தெரியாமல் ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது என்று ஆதிலட்சுமி சொன்னாள். எனக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. இந்த முறை கூட்டம் இல்லை. அவளும், அந்தப் பெரியவரும், நானும்தான். பட்டையைக் கையில் எடுத்துப் போனேன். போட்டுக்கொள்ளவில்லை.

பொம்பளை சொல்லலாமா என்று கேட்டேன். இழுத்தவங்கள்ல பாதி பொம்பளைங்கதான் என்றார் பெரியவர்.

தரையில் எல்லப்பன் தோள் எந்தப் பக்கம் என்று ஆதிலட்சுமி என் கையைப் பிடித்துக் காட்டினாள். பட்டையை விரித்து வைத்துக் குனிந்தேன். காதில் சொல்வது போல மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் மைதானக் குரல்தான் வந்தது.

"கரை வந்தாச்சு, கயித்த விடு."

எங்கேயோ கொக்குகள் கூட்டமாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. பெரியவர் திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆதிலட்சுமி அழுதாள். நானும் அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தாத்தாவுக்கு, எல்லப்பனுக்கு, பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு. அங்கேயே ஒரு குழி தோண்டி, பட்டையை வைத்து மண் தள்ளினோம்.

திரும்பும்போது சரிவில் கால் வைக்கத் தெரியாமல் விழுந்தேன். அவள்தான் தூக்கிவிட்டாள்.

"கண்ணு தெரியலியா டீச்சர்?" என்றாள். போன தடவை என்னைப் பட்டை வீட்டுக்காரங்க என்று கூப்பிட்டவள்.

மறைக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஆபரேஷன், திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஆஸ்பத்திரி, காலையில் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். கூட யார் என்று கேட்டாள். எதிர்வீட்டுப் பெண் வருகிறாள் என்றேன். அவள் கடை வரை என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கடையில் உட்காரவைத்து இரண்டு தோசை போட்டுக் கொடுத்தாள். காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். யாரோ ஆகிவிட்டோம் இல்லையா. என் பையை அவளே தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மகாபலிபுரம் தாண்டியதும் கைக்குட்டைக்காகப் பைக்குள் கை விட்டேன். என் விசில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு இருக்கும் பித்தளை விசில், ஓய்வு பெற்ற பிறகும் பையை விட்டு எடுத்ததில்லை. துழாவிக்கொண்டே போனதில் விரலில் வேறு ஏதோ இடித்தது. தட்டையான இரும்பு. நுனி தேய்ந்து, பிடியில் துணி சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கோடு.

ஆதிலட்சுமியின் தோசைத் திருப்பி.

ஜூலை 26, சனி

தவறி விழுந்திருக்கலாம். பையைத் தூக்கிவந்தபோது கையில் இருந்ததை அப்படியே உள்ளே போட்டிருக்கலாம். விசில் கரையில் நான் விழுந்த இடத்தில் கிடக்கலாம். போன் செய்து கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மாற்றுப் புடவை, துண்டு, மாத்திரை, தோசைத் திருப்பி. நிவேதா லிஃப்டில் எதுனா வேணுமா ஆன்ட்டி என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அப்புறம் நானே திரும்பி, நாளைக்குப் பால் பாக்கெட்டை மட்டும் எடுத்து வைத்துவிடு என்று கேட்டேன். முகம் மலர்ந்தாளா என்று தெரியவில்லை, குரல் மலர்ந்தது.

ஜூலை 28, திங்கள்

கிளம்புகிறேன். யாரும் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். இனி எழுத்து தெரியுமோ தெரியாதோ, இந்த வரி நேராக இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 30, புதன்

தெரிகிறது. மேலே எழுதியிருக்கும் வரி நேராக இல்லை. மூலைக்கு மூலை சரிந்து போயிருக்கிறது. ஜூலை மாதம் முழுவதும் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. என் பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் கிழித்திருப்பேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே புகை. பணம் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். புகைக்குள்ளிருந்து தோசை மாவு வாசனை வந்தது.

"எங்க அந்த எதிர்வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"வரலை" என்றேன்.

"வராதுன்னு தெரியும்" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். கையை நீட்டி அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கயிற்றில் என் விசில் தொங்கியது.

உள்ளே நர்ஸ் பேர் கேட்டு எழுதிக்கொண்டு, பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டாள்.

"என் தோசைத் திருப்பி அவுங்ககிட்ட கீது. அவுங்க விசிலு எங்கிட்ட கீது" என்றாள் ஆதிலட்சுமி. "கடையத் தொறக்க முடியாம மூணு நாளா சும்மா குந்திகினு கீறேன். நான் வராம வேற யாரு வருவா?"

நர்ஸ் பேனாவைத் தட்டிவிட்டு, அக்கா தங்கச்சி என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டு பேரும் மறுக்கவில்லை.

ஆபரேஷன் ஒன்றும் பெரிதில்லை. கட்டுத்தான் பெரிது. மருந்து மயக்கத்தில் தூங்கி, சாயங்காலம் விழித்தேன். அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. சுவர் எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இருந்தது. ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய வாய், ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட வரவில்லை. போயிருப்பாள், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, மூச்சு மட்டும் சத்தமாக வந்துகொண்டிருந்தது.

வராந்தாவிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது.

யாரோ ஓடினார்கள். நர்ஸ் இது ஆஸ்பத்திரியா மைதானமா என்று கத்துவது கேட்டது. அதைத் தாண்டி அவள் குரல் வந்தது. "தோ, இங்கதான் கீறேன்க்கா."

கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதியிருக்கிறாள், சத்தம் பிசிறடித்தது. அப்படி ஊதினால் மைதானத்தின் பாதிக்குக்கூடக் கேட்காது. நாக்கு நுனியால் அடித்து ஊத வேண்டும் என்று படுத்தபடியே சத்தமாகச் சொன்னேன்.

மறுபடி ஊதினாள்.